தனியார் நிலத்தின் மீதான பாதுகாப்புக் கட்டுப்பாட்டை ஒரு சிற்றூர் எப்படிக் காப்பாற்றுகிறது?

எல்லைக்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவில் ஆறு ஆண்டுகளாகச் சம்பளமில்லா உறுப்பினராக இருக்கிறேன். ஊர்கள் இப்படி ஒரு குழுவை அமைத்துக்கொள்ளலாம் என்று 1957-இல் நாட்டிலேயே முதலாவதாகச் சட்டம் இயற்றியது இந்த மாநிலம்தான். அந்தக் குழுவின் பொறுப்பில் உள்ள ஒரு வேலையைப் பற்றி, இந்தப் பக்கத்தில் வீடும் நிலமும் வாங்கியிருக்கும் நம்மவர்களோடு பேச வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் 'மாமூல் வழிநடை பாத்தியம்' என்று ஒரு வரி வருவது உங்களுக்கு நினைவிருக்கும். நிலம் ஒருவருடையது, அதன் வழியே நடந்துபோகும் பாத்தியம் வேறொருவருடையது. இங்கே கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று சொல்லப்படுவதும் அந்த வகையறாதான் என்றாலும், இதில் பாத்தியம் பெற்றவர் நிலத்தை எதற்கும் பயன்படுத்துவதில்லை. நிலத்துக்குரியவர் அதில் வீடு கட்டாமலும், மனைகளாகப் பிரிக்காமலும், மணலோ சரளையோ தோண்டாமலும் தடுக்கும் உரிமை ஒன்றே அவருக்கு உண்டு. நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், பத்திரத்தில் விட்டுவைத்திருந்தால் உழவும் செய்யலாம். ஆனால் தடையும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறும், என்றென்றைக்கும். மாசசூசெட்ஸ் சட்டத்தில் இதற்குக் 'கன்சர்வேஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று பெயர். பொதுச் சட்டங்களின் 184-ஆம் அத்தியாயம், 31 முதல் 33 வரையிலான பிரிவுகள் இதைப் பற்றியவை. இனி இதைக் 'கட்டுப்பாடு' என்றே எழுதுகிறேன்.

ஒரு கட்டுப்பாட்டை ஊர் பெற வேண்டுமானால், உரியவர் கையெழுத்திட்டு, ஊரின் செலக்ட் போர்டு (ஊர் நிர்வாகத்தை நடத்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு) ஒப்புதல் தந்து, அதன் பிறகு மாநிலத்தின் எரிசக்தி, சுற்றுச்சூழல் துறைச் செயலரும் ஒப்புதல் தந்து, கடைசியாகப் பத்திரப் பதிவகத்தில் பதிவாக வேண்டும். இதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. அந்த நாளில் எல்லோரும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் கவலை அதற்குப் பிறகு வரும் ஐம்பது ஆண்டுகளைப் பற்றியது.

சென்ற இலையுதிர் காலத்தில், எங்கள் ஊர் கையில் எத்தனை கட்டுப்பாடுகள் உள்ளன என்று எண்ணத் தொடங்கியபோது, ஊர் அலுவலகத்தில் ஒரு பட்டியலும் நிலங்களைப் பாதுகாக்கும் இலாப நோக்கற்ற அமைப்பான நில அறக்கட்டளையிடம் வேறொரு பட்டியலும் இருந்தன. பதிவகத்தில் தேடியபோது இரண்டிலும் இல்லாத ஒன்று கிடைத்தது. 1970-களில் எழுதப்பட்ட பத்திரம், தட்டச்சில் மூன்று பக்கம், கையால் வரைந்த ஒரு வரைபடம். அதில் 'மேற்கே பெரிய ஓக் மரம் வரை' என்று எல்லை குறித்திருக்கிறது. அந்த மரம் இப்போது இல்லை. அந்தக் காலத்தில் நிலம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு புகைப்படமும் இல்லை. உரியவரிடம் போய் 'இந்தக் கொட்டகை புதிது' என்று சொல்லக்கூட எங்களிடம் ஆதாரம் கிடையாது.

உங்கள் ஊர்களில் இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது நடந்து பார்க்கிறார்களா?

புதுமனை எழுதியது:

வணக்கம் அக்கா. உங்கள் பதிவைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனெனில் நான் அந்தப் பக்கத்தில் நிற்பவன். இரண்டாண்டுகளுக்கு முன் நாங்கள் வாங்கிய வீட்டின் பின்புறம் இப்படி ஒரு கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. கிரயம் முடிந்த அன்று கையெழுத்திட்ட காகிதக் கட்டில் அதுவும் இருந்திருக்கிறது. வழக்கறிஞர் ஒரு வரியில் சொன்னார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. நம் ஊராக இருந்தால் வில்லங்கச் சான்று வாங்கி, வரி வரியாகப் படித்து, மாமாவிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுத்திருப்போம். இங்கே அந்தக் கவனம் எப்படித் தவறியது என்று எனக்கே புரியவில்லை.

போன மாதம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் புல்வெளி கட்டுப்பாட்டு நிலத்துக்குள் நீண்டிருப்பதாகவும், பார்வையிட வர விரும்புவதாகவும் எழுதியிருந்தார்கள். நாங்கள் எதையும் நீட்டவில்லை. முந்தையவர் எதுவரை புல் வெட்டினாரோ அதுவரைதான் வெட்டுகிறோம். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்தபோது, ஆக்கிரமிப்புக்காரன் என்று யாரோ வாசலில் நின்று சொன்னதுபோல் இருந்தது. என் மனைவி இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை: அவர்கள் என் நிலத்துக்குள் வரலாமா? பட்டுப்போன மரத்தை வெட்டலாமா? அக்கம்பக்கத்தார் நாயோடு உள்ளே நடக்கிறார்களே, அதற்கு நான் இடம் கொடுத்தே ஆக வேண்டுமா?

எல்லைக்கல் எழுதியது:

தம்பி, முதலில் உங்கள் மனைவியிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். இப்படிப்பட்ட கடிதம் கிடைப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப்போல் இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியவர்கள். வாக்குக் கொடுத்தவர் விற்றுவிட்டுப் போய்விட்டார். வாக்கு மட்டும் உங்கள் வீட்டில் தங்கிவிட்டது. வீடு கைமாறியது தெரிந்தவுடனே ஊர் உங்களைத் தேடி வந்து, வரைபடத்தை மேசையில் விரித்து, ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும். இரண்டாண்டு கழித்துப் பிழை கண்டு கடிதம் எழுதியது ஊரின் தவறு என்றே நான் நினைக்கிறேன்.

அவர்கள் வரலாமா என்றால், வரலாம். பார்வையிடும் உரிமை ஏறத்தாழ எல்லாக் கட்டுப்பாட்டுப் பத்திரங்களிலும் உண்டு. உரிய நேரத்தில், உரிய முறையில் வர வேண்டும் என்று எழுதியிருக்கும். வீட்டுக்குள் வருவதற்கு அது உரிமை தராது. பட்டுப்போன மரத்தைப் பொறுத்தவரை, பத்திரத்தில் இரண்டு பகுதிகள் இருக்கும். செய்யக் கூடாதவை முதலில் வரும். அவற்றுக்கு விலக்காக உரியவர் தனக்கென்று வைத்துக்கொண்ட உரிமைகள் அடுத்து வரும். ஆபத்தான மரத்தை அகற்றுவது, அயல்தாவரங்களைப் பிடுங்குவது, பழைய பாதையைச் சீராக வைத்திருப்பது ஆகியவை வழக்கமாக இரண்டாவது பகுதியில் இருக்கும். சிலவற்றுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே வெட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள், படித்த பின் ஊருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

நாயோடு நடப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்டது முக்கியமான கேள்வி. நிலம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்றாலே அது பொது இடம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பத்திரத்தில் பொதுமக்கள் நுழைவு என்று தனியாக எழுதியிருந்தாலன்றி, அது உங்கள் தனி நிலம்தான். சில கட்டுப்பாடுகளில் ஒரு குறிப்பிட்ட பாதையை மட்டும் திறந்துவைத்திருப்பார்கள்; பலவற்றில் அதுவும் இல்லை.

நாங்கள் எப்படிப் பார்வையிடுகிறோம் என்பதையும் சொல்கிறேன், அச்சம் குறையும். நவம்பரில், இலைகள் உதிர்ந்த பிறகு போவோம். அப்போதுதான் காட்டுக்குள் கண் எட்டும். வேட்டைக் காலம் என்பதால் ஆரஞ்சுச் சட்டை அணிந்துகொள்வோம். இரண்டு பேர், ஒரு வரைபடம், சென்ற ஆண்டின் படங்கள். பழைய கல்சுவரை ஒட்டி நடந்துபோய், போன முறை நின்ற அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுப்போம். பெரும்பாலும் காண்பது என்ன தெரியுமா? சுவருக்கு அப்பால் கொட்டிய புல்லும் இலையும், குழந்தைகளின் ஊஞ்சல், ஒரு விறகு அடுக்கு, இரண்டு பழைய டயர்கள். சென்ற ஆண்டு ஒரு வீட்டின் பின்னால், படத்தில் காட்டுப்புல் இடுப்புயரம் நின்ற இடத்தில் கத்தரித்த புல்வெளி இருந்தது. எந்த ஒரு நாளிலும் யாரும் அத்துமீறவில்லை. புல்வெட்டும் வண்டியை ஓட்டுபவர் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஓரடி கூடுதலாகத் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். பத்தாண்டில் அது கால் ஏக்கர் ஆகிவிடுகிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வரி பற்றி யாரும் பேசவில்லை என்பதால், தொழில் முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கட்டுப்பாட்டைத் தானமாகத் தருபவருக்குக் கூட்டரசின் வருமான வரியில் கழிவு உண்டு. கட்டுப்பாட்டுக்கு முன் நிலத்தின் மதிப்பு என்ன, பின் என்ன என்று தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் கணக்கிடுவார்; அந்த வித்தியாசமே தானத்தின் மதிப்பு. ஆண்டு வருமானத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொண்டு, மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம். தகுதியுள்ள உழவர்களுக்கு 100 சதவீதம் வரை. தற்காலிகமாக நீட்டிக்கப்பட்டு வந்த இந்தச் சலுகையை 2015-இல் நிலையானதாக ஆக்கினார்கள். மாசசூசெட்ஸ் தன் பங்குக்கு, தான மதிப்பில் பாதியை, 75,000 டாலர் உச்சவரம்புக்கு உட்பட்டு, வரி வரவாக (டாக்ஸ் கிரெடிட்) தருகிறது. மாநிலம் முழுமைக்கும் ஆண்டு வரம்பு ஒன்று இருப்பதால் வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். கழிவு கிடைக்க வேண்டுமானால் கட்டுப்பாடு நிரந்தரமானதாக இருக்க வேண்டும்; இருபது ஆண்டு, முப்பது ஆண்டு என்று எழுதினால் ஒரு டாலரும் கிடைக்காது. அடுத்து, முதலீட்டாளர்களைக் கூட்டாகச் சேர்த்து, நிலத்தை மலிவாக வாங்கி, பல மடங்கு மதிப்புக் காட்டித் தானம் செய்வதாக ஆசை காட்டும் திட்டங்கள் சில காலம் பரவின. வருமான வரித் துறை 2016-இன் இறுதியில் அவற்றைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. கூட்டாண்மையின் பங்குதாரர்கள் போட்ட முதலீட்டில் இரண்டரை மடங்குக்கு மேல் போகும் கழிவை 2022-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. அப்படி யாராவது உங்களை அணுகினால் விலகி நில்லுங்கள்.

நஞ்சை நிலம் எழுதியது:

எல்லைக்கல் அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படையிலேயே எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த விவாதம் ஒரு பக்கமாகிவிடும். 1975-இல் ஒருவர், தனக்கு வேண்டிய வீட்டைக் கட்டிக்கொண்டு, மீதி நிலத்தில் இனி யாரும் எக்காலத்திலும் கட்டக் கூடாது என்று எழுதிவைக்கிறார். அவருக்கு வரிக்கழிவும் கிடைக்கிறது. ஐம்பது ஆண்டு கழித்து, அதே ஊரின் பள்ளி ஆசிரியருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அந்த ஊரில் குடியிருக்க வீடு இல்லை. பாஸ்டனைச் சுற்றியுள்ள வசதி படைத்த ஊர்களில், ஓடையையும் பறவையையும் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, புதிதாக வருபவர்களைத் தடுக்கவும் இது பயன்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன். இறந்தவர் உயிருள்ளவரின் கையை இத்தனை இறுக்கமாகக் கட்டிப்போடலாமா?

அது போக, கட்டுப்பாட்டு நிலத்தின் வரி மதிப்பு குறைகிறது. அந்தச் சுமை மற்ற வீட்டுக்காரர்கள் மீதுதானே ஏறுகிறது?

வெண்மலை எழுதியது:

வணக்கம். நான் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன்; இங்குள்ள நடைமுறை சற்று வேறு. எங்கள் மாநிலத்தில் இத்தகைய குழுக்களுக்கான சட்டம் 1963-இல் வந்தது. காடாகவும் வயலாகவும் விட்டுவைக்கும் நிலத்துக்குக் குறைந்த வரி. அதில் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், அந்த இடத்தின் முழுச் சந்தை மதிப்பில் 10 சதவீதத்தை நிலப் பயன்மாற்ற வரியாக ஒருமுறை செலுத்த வேண்டும். அந்த வரியின் ஒரு பங்கை, சில ஊர்களில் முழுவதையுமே, பாதுகாப்பு நிதியில் சேர்க்கும்படி ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் போடலாம். ஒரு காடு வீடாகும்போது வரும் பணம் வேறொரு காட்டைக் காக்கப் போகிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

வரிச் சுமை பற்றி நண்பர் கேட்டதற்கு ஒரு பதில். வயல் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அதற்குச் சாலையில் பனி அள்ள வேண்டியதில்லை. எனினும் ஒவ்வொரு நிலத்துக்கும் கணக்கு ஒரே மாதிரி வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் பகுதியில் நான் கண்ட நல்ல வழக்கம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டை ஓர் அறக்கட்டளை வைத்திருக்கும். அது கடமையைக் கைவிட்டால் ஊர் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளலாம் என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பார்கள். ஊர் வைத்திருந்தால் மறுதலையாக இருக்கும். ஒருவர் சோர்ந்தாலும் மற்றவர் இருக்கிறார்.

எல்லைக்கல் எழுதியது:

நஞ்சை நிலம் ஐயா எழுப்பிய கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். எங்கள் ஊரிலேயே, நல்ல வடிகால் உள்ள மேட்டு நிலத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, பிறகு வீடு கட்ட இடமில்லை என்று வருந்திய கதை உண்டு. அதனால் இப்போது யாராவது நிலம் தர முன்வந்தால், முழுவதையும் பூட்டிவிட வேண்டாம், சாலையை ஒட்டிய இரண்டு மூன்று ஏக்கரைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள் என்று நாங்களே சொல்கிறோம். 2000-இல் வந்த சமுதாயப் பாதுகாப்புச் சட்டத்தின் (கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட்) வடிவமும் இங்கே உதவுகிறது. அதை ஏற்ற ஊர்கள் சொத்துவரியின் மேல் 3 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம். அதில் குறைந்தது 10 சதவீதம் திறந்தவெளிக்கும், 10 சதவீதம் தொன்மைச் சின்னங்களுக்கும், 10 சதவீதம் எளியோர் வீட்டுவசதிக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும். மாநிலத்தின் 351 ஊர்களிலும் நகரங்களிலும் பாதிக்கும் மேற்பட்டவை இதை ஏற்றிருக்கின்றன. நிலமா வீடா என்று சண்டை போடுவதற்குப் பதிலாக, ஒரே பண்ணையில் நாலு ஏக்கரில் வீடுகளும் மீதியில் வயலும் என்று ஒரே தீர்மானமாக ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோக முடிகிறது.

இறந்தவரின் கை பற்றி நீங்கள் கேட்டீர்கள். கட்டுப்பாட்டை நீக்கவே முடியாது என்பதில்லை. பொது விசாரணை நடத்தி, செலக்ட் போர்டும் மாநிலச் செயலரும் ஒப்புக்கொண்டால் விடுவிக்கலாம். ஊர் கையில் இருப்பது இயற்கை நிலங்களைக் காப்பதற்காக 1972-இல் வந்த, மாநில அரசமைப்பின் 97-ஆம் திருத்தத்துக்குள் வந்தால், அதற்கும் மேலாகச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கடினம்தான். ஆனால் பள்ளிக்கு இடம் வேண்டும், சாலைக்கு இடம் வேண்டும் என்று ஒவ்வொரு தலைமுறையும் எளிதாகக் கை வைக்க முடிந்திருந்தால், இன்று நம் குடிநீர்க் கிணறுகளுக்கு மேலே ஒரு காடும் மிஞ்சியிருக்காது. நம் ஊரில் ஏரிப் புறம்போக்கில் பேருந்து நிலையமும் அரசு அலுவலகமும் எழுந்ததைக் கண்டு வளர்ந்தவள் நான். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நேரத்தில் ஒரு நல்ல காரணம் இருந்தது.

கட்டுப்பாட்டை மீறிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாநிலத்தின் வெஸ்டன் ஊரின் வழக்கைச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிலத்தில் உரியவர் ஒரு பெரிய பண்ணைக் கொட்டகை கட்டிவிட்டார். கட்டுப்பாட்டை வைத்திருந்த உள்ளூர்க் காட்டுப் பாதைச் சங்கம் நீதிமன்றம் போயிற்று. 2006-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், கட்டடத்தை அகற்ற வேண்டும் என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. எங்கள் குழுவில் இதை வெற்றிக் கதையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது துக்கமான கதை. அடித்தளம் தோண்டும் வாரத்தில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருந்தால், இத்தனை செலவும் பகையும் வந்திருக்குமா என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பீர்கள். நில அறக்கட்டளைகள் புதுக் கட்டுப்பாட்டை ஏற்கும்போதே, கண்காணிப்புக்கென்று ஒரு மூலதனத்தைத் தனியாகப் பெற்று, அதன் வருமானத்தில் ஆண்டுதோறும் பார்வையிடுகின்றன. ஊர்கள் அப்படிச் செய்வது அரிது. மேற்சொன்ன 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில், அந்த நிதியால் வாங்கிய நிலத்துக்கு நிரந்தரக் கட்டுப்பாடு கட்டாயம். அதை வைத்திருந்து கண்காணிக்கும் இலாப நோக்கற்ற அமைப்புக்கு அந்த நிதியிலிருந்தே ஊர் பணம் தரலாம். இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாத ஊர்கள் பல. உங்கள் ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து கேளுங்கள்.

சங்கிலி அளவை எழுதியது:

நான் நில அளவையாளர். ஒரு சிறு செய்தி மட்டும். கைப்பேசி காட்டும் இடக்குறியை நம்பி எல்லைத் தகராறு செய்யாதீர்கள். மரங்களுக்கு அடியில் அது பல அடி தள்ளிக் காட்டும். எல்லை அடையாளமாகக் கல்சுவரின் மேற்கல்லில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை துளைத்திருப்பார்கள். மூலைகளில் இரும்புக் குழாயோ கருங்கல் தூணோ நட்டிருப்பார்கள். அளவை வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தேடிக் கண்டுபிடித்து, மரங்களில் ஐம்பது அடிக்கு ஒன்றாகச் சிறு தகடு அடித்துவிட்டால், எல்லைச் சிக்கல்களில் பெரும்பகுதி வரவே வராது.

புதுமனை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று ஊரிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை. என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தார். பிறகு நால்வரும் பின்பக்கம் நடந்தோம். சங்கிலி அளவை ஐயா சொன்ன துளையைக் கண்டுபிடித்துவிட்டோம். பாசி மூடியிருந்தது; என் மகள்தான் விரலை விட்டுப் பார்த்துக் கத்தினாள். அங்கிருந்து நூல் கட்டிப் பார்த்தபோது எங்கள் புல்வெளி பதினான்கு அடி உள்ளே போயிருந்தது.

அபராதம் எதுவும் இல்லை. அந்தப் பதினான்கு அடியை இனி வெட்டாமல் விட வேண்டும். அதற்கு அப்பால் உள்ள பழைய வயலை ஆண்டுக்கு ஒருமுறை, பாபலிங்க் குருவிகள் குஞ்சு பொரித்துப் பறந்த பிறகு, ஆகஸ்ட் வாக்கில் வெட்டினால் போதும் என்றார்கள். இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பும் ஆறு படங்களும் அவர்கள் கோப்பில் ஒன்று, என் கோப்பில் ஒன்று.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். எங்கள் தெருவில் இதே கட்டுப்பாட்டுக்குள் இன்னும் நான்கு வீடுகள் இருக்கின்றன. இரண்டு வீடுகள் இந்த ஆண்டுதான் கைமாறின. புதிதாக வந்தவர்களுக்குக் கொடுக்க உங்கள் குழு எழுதிவைத்திருக்கும் கடிதம் ஏதாவது இருந்தால் அனுப்ப முடியுமா? சனிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எல்லைக்கல் எழுதியது:

தம்பி, இன்றிரவே அனுப்புகிறேன். கடிதத்தோடு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் அந்தத் துளையையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.